மாத்திரையா, வீட்டுச் சூழலை மாற்றுவதா, பராமரிப்பு இல்லமா?

சித்தப்பாவுக்கு அப்போது 56 வயது. நினைவில் பிசகு இல்லை, குணம்தான் மாறியது. துக்க வீட்டில் சிரித்தார். பந்தியில் பக்கத்து இலை ஜாங்கிரியை எடுத்துத் தின்றார். திமிர் என்றார்கள் உறவினர்கள். மூளையின் முன்மடலும் பக்கமடலும் சுருங்கும் ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற மூளைத் தேய்வு நோய் இது என்று தெரிய இரண்டு வருடம் ஆனது. நோயைக் குணப்படுத்த வழியில்லை. எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

முதலில் மாத்திரையைத்தான் நம்பினோம். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் இதற்கு உதவாது, சிலருக்குப் படபடப்பைக் கூட்டியும் விடும். அல்சைமருக்கான இன்னொரு மருந்தான மெமன்டைனும் ஆய்வுகளில் பலன் தரவில்லை. இந்த நோயில் செரோடோனின் என்ற மூளை ரசாயனம் குறைவதால் செர்ட்ராலின், டிராசோடோன் போன்ற மனச்சோர்வு மருந்துகள் நடத்தையை ஓரளவு தணிக்கலாம். மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரும் ஆன்டிசைக்காட்டிக் மருந்து என்றால் நூறு முறை கேளுங்கள். இவர்களுக்கு உடம்பு விறைப்பு எளிதில் வரும். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அவற்றால் இறப்பு அபாயம் கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்திருக்கிறது.

எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது வீட்டுச் சூழலை மாற்றியதுதான். இனிப்பு வெறி நோயின் வேலை என்று புரிந்ததும் டப்பாக்களைப் பூட்டிவைத்தோம். டெபிட் கார்டைச் சித்தி வாங்கிக்கொண்டார். மளிகைக் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். சித்தப்பா எடுப்பதை அவர் எழுதிவைத்து மாதக் கடைசியில் பணம் வாங்கிக்கொண்டார். ஓயாமல் நடந்தவரைத் தடுக்காமல், தினமும் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் கூட்டிப்போனோம். ‘ஏன் இப்படிச் செய்யறீங்க?’ என்று கேட்பதையும் விட்டோம். தான் செய்வது தவறென்றே அவருக்குத் தெரியாதபோது, கேட்டால் சண்டைதான் மிஞ்சியது. இந்த வழியில் பக்கவிளைவு நோயாளிக்கு இல்லை. அத்தனையும் சித்தியின் தூக்கத்தில் விழுந்தது. அதனால் வாரம் இரண்டு நாள் ஓர் உதவியாளரை வைத்தோம். அதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

அப்புறம் பராமரிப்பு இல்லம். பல இடங்கள் தளர்ந்த முதியவர்களுக்குப் பழகியவை. ஐம்பதுகளில் இருக்கும் திடமான ஆளைக் கண்டால் தயங்குகிறார்கள். இரவில் எத்தனை ஊழியர்கள், கட்டிப்போடுவார்களா, இந்த நோய்க்காரரை முன்பு பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால் வீட்டுச் சூழல் மாற்றம் முதலில், மாத்திரை அதற்குத் துணையாக. அடிதடி வந்துவிட்டாலோ, விழுங்கும்போது புரையேறத் தொடங்கினாலோ காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.