கீழக்கரை ஞாயிறு வகுப்பு: ஆட்சி கவிழ்ந்த மறுநாள் என்ன ஆகிறது? – மூன்றரை நட்சத்திரம்

குரூப் 1, யூபிஎஸ்சி பயிற்சி தரும் ஒரு சின்ன மையம் கீழக்கரையில் ஞாயிறு சாயங்காலம் நடத்தும் உலக அரசியல் வகுப்பைப் பற்றித்தான் இது. தேர்வு எழுதாதவர்களும் காசு கட்டி உட்காரலாம், நான் அந்த ரகம். மாடியில் தகரக் கூரை, கடல் காற்று வந்தால் உண்டு, வராவிட்டால் வியர்வைதான். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதால் மண்டபம், பெரியபட்டினம் பக்கத்துப் பையன்கள் நிறைய வருகிறார்கள், அவர்கள் கேட்கும் கேள்விக்காகவே போகலாம்.

மக்கள் தெருவில் இறங்கி ஆட்சியைக் கவிழ்த்த நாடுகளில் சில மட்டும் ஏன் ஜனநாயகத்துக்குப் போய்ச் சேர்கின்றன என்பது தலைப்பு. யூடியூபில் இதற்கு வரும் வழக்கமான பதில் நல்ல தலைவர், படிப்பறிவு, நடுத்தர வர்க்கம். சார் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, பழைய ஆள் ஓடிய மறுநாள் துப்பாக்கி யார் சொல் கேட்கிறது, உட்கார்ந்து பேரம் பேச நாட்டில் வேறு அமைப்புகள் இருக்கின்றனவா என்று மட்டும் ஒவ்வொரு நாட்டிலும் பார்த்தார். எனக்கு அது பிடித்தது, கூட்டத்தின் அளவைப் பார்த்து மயங்காமல் இருக்க உதவும்.

எகிப்தையும் துனிசியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பகுதி அருமை. இரண்டு ஆட்சியும் 2011 தொடக்கத்தில் ஒரு மாத இடைவெளிக்குள் விழுந்தவை. எகிப்தில் அதிபர் முபாரக் போனார், ராணுவம் போகவில்லை. தொழிற்சாலை, நிலம், ஒப்பந்தம் என்று அதற்கு இழக்க நிறைய இருந்தது. 2012இல் அதிபர் தேர்தலில் ஜெயித்த மோர்சியை 2013 ஜூலையில் அதே ராணுவம் இறக்கியது. துனிசியாவில் ராணுவம் சின்னது, ஆட்சி செய்து ருசி கண்டதும் இல்லை. அங்கே யுஜிடிடி என்ற பெரிய தொழிற்சங்கம் இருந்தது. 2013இல் இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு நாடு பிளக்க இருந்தபோது முதலாளிகள் சங்கம், வழக்கறிஞர் சங்கம், மனித உரிமைக் கழகம் மூன்றையும் சேர்த்துக்கொண்டு கட்சிகளைப் பேச வைத்தது அந்தச் சங்கம். 2014 ஜனவரியில் புது அரசியல் சாசனம் வந்தது, நான்கு அமைப்புக்கும் சேர்த்து 2015 அமைதி நோபல்.

என் புகாரும் இங்கேதான். ஜெராக்ஸ் நோட்ஸில் ‘துனிசியா – வெற்றி’ என்று முடிகிறது. 2021 ஜூலையில் அந்நாட்டு அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கி அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டதை ஒரு பெண் எழுந்து கேட்டதற்கு, “அது வேற டாபிக்மா” என்றார் சார். வேறு டாபிக்கா? சாசனம் சொன்ன அரசியல் சாசன நீதிமன்றத்தைக் கட்சிகள் அமைக்கவே இல்லை, வேலையில்லாத் திண்டாட்டமும் தீரவில்லை, அதனால் முடக்கியபோது தடுக்க ஆளில்லை, தெருவில் கைதட்டினவர்கள்தான் நிறைய. இதைச் சொல்லாமல் பாடம் பாதிதான்.

இந்தோனேசியா நன்றாக வந்தது. 1998 மே மாதம் அதிபர் சுகார்த்தோ பதவி விலகிய பிறகு ராணுவத்தை ஒரேயடியாக விரட்டவில்லை; நாடாளுமன்றத்தில் அதற்கு ஒதுக்கிய இடங்களைக் குறைத்து, 2004இல் இல்லாமல் செய்தார்கள். பதிலுக்கு ராணுவத்தின் பழைய குற்றங்கள் பெரும்பாலும் விசாரணைக்கே வரவில்லை என்பதையும் சார் மறைக்கவில்லை.

அப்புறம் தங்கச்சிமடம் பையன் ஒருவன், “2022இல இலங்கையில நடந்தது எந்தக் கணக்கு சார்?” என்றான். தனுஷ்கோடி மணல்திட்டில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியதை இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 1931இலேயே வயதுவந்தோர் வாக்குரிமை வந்த நாடு தம்பி, அங்கே மாறியது ஆட்சி, ஆட்சிமுறை இல்லை என்றார் சார். அதிபர் கோத்தபய ஓடியதும் நாடாளுமன்றம் ரணிலை அதிபராகத் தேர்ந்தெடுத்தது, 2024இல் தேர்தல் நடந்து அநுர வந்தார், விதிகள் ஏற்கெனவே இருந்தன. “அந்த விதி இருக்கும்போதுதானே 83இல தமிழருக்கு எதிரான கலவரமும் நடந்துச்சு” என்று பின்வரிசையில் ஒரு பெரியவர். சார் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. தேர்தல் நடப்பது ஒன்று, எண்ணிக்கையில் குறைந்தவர்கள் பயமில்லாமல் இருப்பது இன்னொன்று என்று சொல்லி அதிலேயே அரைமணி நேரம் போனது. அன்றைக்குக் கட்டிய காசு அதற்கே சரி.

ஆனால் அதனால் போலந்து பாடம் அடிபட்டது. 1981 ராணுவச் சட்டத்துக்குப் பிறகு தடை செய்யப்பட்ட சாலிடாரிட்டி தொழிற்சங்கம், 1989இல் அதே கம்யூனிஸ்ட் அரசோடு வட்டமேசையில் உட்கார்ந்து ஜூனில் தேர்தல் வரை கொண்டுபோன கதை, சார் சொல்லும் கருத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, அதைக் கடைசி நிமிடங்களில் ஓட்டினார்.

கட்டணம் நியாயம்தான். ராமநாதபுரம் திரும்புகிறவர்கள் பஸ் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், வகுப்பு சொன்ன நேரத்துக்கு முடியாது. அடுத்த தொகுப்பில் போர்ச்சுகலும் தென்கொரியாவும் என்கிறார்கள். துனிசியா பக்கத்தைத் திருத்தி மறுபடி அச்சடித்தால் நான் சேருவேன்.