பழ ஈ மூஞ்சி பார்க்க ஒரு கிளிப் லென்ஸ்

மாந்தோப்பில் பழ ஈயை வாசனையால் இழுக்கிற மீத்தைல் யூஜினால் மருந்துப் பொறி கட்டியிருக்கிறேன். விழுகிற ஈயை போனில் எடுத்து, பூச்சியியல் படித்த தம்பிக்கு அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "அண்ணே, இது ஈயா எறும்பா?" ரோஷத்தில் 650 ரூபாய்க்கு போனில் மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கினேன், மூன்று மாதமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

படத்தின் நடுப்பகுதி நன்றாகவே விழுகிறது. மாவில் டார்சாலிஸ், சோனேட்டா, கரெக்டா என்ற மூன்று பழ ஈ இனமும் அதே மருந்து வாசனைக்கு வந்து விழும், அதனால் பொறியை வைத்து இனம் பிரிக்க முடியாது, படத்தைத்தான் நம்ப வேண்டும். சோனேட்டா செம்பழுப்பு முதுகோடு வருவதால் சுலபம். மற்ற இரண்டுக்கும் முதுகு கறுப்பு, பக்கத்துக்கு ஒரு மஞ்சள் கோடு, மேலேயிருந்து எடுத்தால் நான் பத்துக்கு ஐந்து தப்பாகச் சொல்வேன். இறக்கையை விரித்து எடுத்தால் டார்சாலிஸுக்கு முன்விளிம்புப் பட்டை நுனி வரை அறுபடாமல் ஓடும், கரெக்டாவுக்கு நடுவில் விட்டுப்போய் நுனியில் ஒரு பொட்டு மட்டும் நிற்கும். அதைவிட நல்ல அடையாளம் மூஞ்சி. டார்சாலிஸுக்கு இரண்டு உருண்டைப் புள்ளி, கரெக்டாவுக்கு அதே புள்ளிகள் குறுக்கே நீண்டு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு மீசை வைத்த மாதிரி இருக்கும். இந்த மீசையை லென்ஸ் இல்லாமல் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

குறை என்றால், ஈக்கு இரண்டு விரல்கடை பக்கத்தில் போனால்தான் ஃபோகஸ் ஆகிறது, அதற்குள் போனின் நிழலே ஈ மேல் விழுந்துவிடுகிறது. ஃபிளாஷ் போட்டால் இறக்கை கண்ணாடியாக மின்னிப் பட்டை காணாமல் போகிறது, ஜன்னலோரம் வெள்ளைத் தாள்மேல் வைத்து எடுங்கள். ஓரமெல்லாம் மங்கல், முழு ஈயும் ஒரே படத்தில் தெளிவாக வராது. பின்கவர் இருந்தால் கிளிப் உட்காராது. பொறியில் பல நாள் கிடந்து நிறம் மங்கிய ஈக்கு எந்த லென்ஸும் உதவாது, அது லென்ஸின் தப்பில்லை.

அப்புறம், பழைய படங்களில் பப்பாயே, இன்வேடன்ஸ் என்று இனப்பெயர் பார்த்துக் குழம்ப வேண்டாம், 2015இல் இரண்டையும் டார்சாலிஸோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் தென்னிந்தியாவிலேயே கேரியே என்று டார்சாலிஸ் ஜாடையில் இன்னொன்று உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் தம்பி படமே கேட்பதில்லை, "ஈயை ஸ்பிரிட்டில் போட்டு அனுப்புண்ணே" என்கிறான்.

ஐந்துக்கு மூன்றரை. பல கேமரா வைத்த போன் என்றால் எந்தக் கண் மேல் கிளிப் உட்காருகிறது என்று பார்த்து வாங்குங்கள்.