எங்கள் பகுதி குடும்பநல மாது சேவை: ரெண்டு பிள்ளைக்குப் பிறகு எழுதுகிறேன்

மட்டக்களப்பு எழுவான்கரைப் பக்கம் இருக்கிறோம். கடைக்கும் சலூனுக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், ஆனால் வீடு தேடி வருகிற இந்த இலவசச் சேவையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் இது. குடும்பநல மாது என்றால் கர்ப்பத்திலும் பிள்ளை பிறந்த பிறகும் தாயையும் பிள்ளையையும் பார்க்கிற அரசாங்க மருத்துவமாது, நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

கிளினிக் நாளில் வாங்கில் ரெண்டு மணித்தியாலம் இருக்க வேண்டி வரும், அது உண்மை. ஒரு மிஸ்ஸுக்கு 3,000 முதல் 5,000 பேர் வரை பொறுப்பு என்றால் வேறு எப்படி?

இந்தச் சேவையின் உயிர் பிள்ளை பிறந்த பிறகுதான் தெரியும். முதல் 10 நாளைக்குள் ரெண்டு தடவை, 14க்கும் 21க்கும் இடையில் ஒரு தடவை, 42ஆம் நாள் பக்கமாக இன்னொரு தடவை வீட்டுக்கு வருவார்கள். மூத்தவள் பிறந்த நாலாம் நாள் மார்பு கல்லாகி, காம்பு வெடித்து, பிள்ளை கத்த, மாமி பால்மா வாங்க ஆள் அனுப்பப் போன நேரம் மிஸ்ஸின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கை கழுவிவிட்டுப் பாயில் என் பக்கத்தில் இருந்தார், பிள்ளையை என்னிடமிருந்து வாங்கவே இல்லை. "அவசரப்படாதங்க மனே, வாயப் பெரிசாத் திறக்கும் வரைக்கும் பொறுங்க" என்றார். காம்பால் மேலுதட்டைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தோம், கொட்டாவி விடுகிற மாதிரித் திறந்ததும் அணைத்துக்கொண்டேன். நாடி மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்தது. கொஞ்சத்தில் சப்புகிற சத்தம் போய் விழுங்குகிற சத்தம் கேட்டது. மாமிக்கும் மனம் நோகாமல், சரக்குக் கறி தாய்க்கு நல்லா வைத்துக் கொடுங்க, பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மருத்துவமாதுக்கள் பற்றிய ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். கொக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2024 மீளாய்வு 17 ஆய்வுகளை, 18,533 பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. கர்ப்பம், பிரசவம், அதன் பிறகு என்று எல்லாவற்றையும் அறிமுகமான ஒரு மாதுவோ சின்னக் குழுவோ தொடர்ந்து பார்த்த இடங்களில் சிசேரியன் கொஞ்சம் குறைவு, ஆயுதம் போட்டு எடுப்பதும் குறைவு, தாய்மாரின் அனுபவமும் நன்றாக இருந்திருக்கிறது. பெரும்பாலும் வசதியான நாடுகளில் செய்த ஆய்வுகள்தான், ஆனாலும் வாசிக்கும்போது எங்கள் மிஸ்தான் கண்ணுக்குள் வந்தார். ஏனென்றால் முன்னும் பின்னும் நமக்கு அது இருக்கிறது, நடுவில்தான் இல்லை. லேபர் ரூம் வாசலோடு மிஸ்ஸின் வேலை நின்றுவிடுகிறது.

முதல் பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில் அம்மாவையும் உள்ளே விடவில்லை. இரவு முழுக்க ஒரு முகம் தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பிரசவ நேரம் பக்கத்தில் ஒருவர் தொடர்ந்து இருந்தால் நோவு நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளைப் பார்த்து 2017இலேயே கொக்ரேன்காரர்கள் சொல்லிவிட்டார்கள். விரும்பிய துணை ஒருவர் இருக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. இளையவனுக்குப் போன இடத்தில் அம்மாவை விட்டார்கள். அம்மா வேறொன்றும் செய்யவில்லை, இடுப்பை உருவிவிட்டுக்கொண்டே இருந்தா. அதுவே பெரிய வித்தியாசம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அரை லேபர் ரூம் வாசலுக்கு, மிஸ்ஸுக்கு இல்லை.

புதிதாகக் கர்ப்பமானவர்கள் எட்டு கிழமைக்குள் பதிந்துவிடுங்கள், மிஸ்ஸின் நம்பரைக் கணவரின் போனிலும் போட்டு வையுங்கள். பிரசவத்துக்குப் போகிற இடத்தில் துணைக்கு ஆள் விடுவார்களா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள், நோவு வந்த பிறகு கேட்க முடியாது.