எட்டு மாதச் சம்பளம் போய்விட்டது: பழைய பெரிய பைக் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பயன்படுத்திய வாகனங்களைச் 'சோதித்துச் சான்றளித்து' விற்கும் இணையத்தளம் ஒன்றில் என் எட்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் டூரிங் பைக் வாங்கினேன். என் கைக்கு வந்தது, சட்டம் (ஃபிரேம்) விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து, மேலே கறுப்புச் சாயம் பூசிய வண்டி. வழக்கறிஞர் தடுத்திருப்பதால் தளத்தின் பெயரை எழுதவில்லை. பளிச்சென்ற படங்கள், பச்சை நிற முத்திரை, 'கவலையை எங்களிடம் விடுங்கள்' என்ற வாசகம்: இந்த வகைக் கடை. கவலையைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

வண்டி கவாசகி இசட்இசட்ஆர் 1400. அதைச் செய்தவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 2006-இல் 1,352 சிசியுடன் வந்து, 2012 மாடலில் 1,441 சிசியாக வளர்ந்தது. நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 200 குதிரைத்திறன். எரிபொருள் நிரப்பினால் எடை 260 கிலோவைத் தாண்டும். நிறுத்தி வைத்துத் தள்ளும்போது அந்த எடை முதுகைப் பிடிக்கிறது. சக்கரம் உருளத் தொடங்கியதும் எங்கே போனதென்றே தெரியவில்லை. மேல் கியரில் மெதுவாக உருட்டினாலும் எஞ்சின் முனகாது. ஆக்சிலேட்டரைச் சற்றே திருகுங்கள், முன்னால் போய்க்கொண்டிருந்த லாரி பக்கக் கண்ணாடியில் தெரியும். நெரிசலில் சிக்கினால் முழங்காலில் அனல் அடிக்கும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சுகத்தை வைத்துத்தான் என்னைக் கவிழ்த்தார்கள்.

ஓட்டிப் பார்க்க நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "உங்களுக்காகவே கழுவித் துடைத்து ஒரு சுற்று ஓட்டி வைத்தேன், அண்ணா" என்றார் அவர்களுடைய ஆள். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக இருந்தன. டயர்கள் புதியவை என்றார். பிறகு, "எனக்கு ஒரு தம்பி இருந்தால் அவனுக்கு இதைத்தான் வாங்கிக் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்கூட்டரில் ஏறி, "என் பின்னாலேயே வாருங்கள், வழி காட்டுகிறேன்" என்றார். அந்த அக்கறையில் மனம் இளகிவிட்டது. அது அக்கறை இல்லை, வேகக் கட்டுப்பாடு என்பது இப்போது புரிகிறது. குறுகலான தெருக்கள், இரண்டு திருப்பங்கள், ஒரு வேகத்தடை, மீண்டும் கடை வாசல். ஸ்கூட்டருக்குப் பின்னால் போகிறவன் அறுபதைத் தாண்ட முடியுமா? நூற்று நாற்பதில் மணிக்கணக்காக ஓடுவதற்கென்றே பிறந்த வண்டியை ஐம்பதில் ஓட்டிக் காட்டி விற்றுவிட்டார்கள். அன்று மாலையே எட்டு மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் குட்டு வெளிப்பட்டது. நூற்றைத் தாண்டியபோது பின்பக்கம் மெல்ல நெளியத் தொடங்கியது. நூற்றிருபதில் வண்டி முழுவதும் பாம்புபோல் இடமும் வலமும் வளைந்தது. பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது. ஓரம்கட்டி நிறுத்தி இறங்கியபோது கால்கள் நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் பக்கவாட்டு உறைகளைக் கழற்றினார். இந்த வண்டிக்கு வழக்கமான குழாய்ச் சட்டம் கிடையாது. எஞ்சினுக்கு மேலே ஒரே பெட்டியாகப் போகும் அலுமினிய உடல்தான் சட்டம். காற்று வடிகட்டியே அதன் வயிற்றுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட உடல் விரிசல் விட்டால் ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது, மாற்ற வேண்டும். இதில் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதிக்குக் கீழே வெல்டிங் தடம். ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது முட்டி நிற்கும் முனை நசுங்கியிருந்தது. மோதிய வண்டிக்கு அதுவே சாட்சி என்றார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் மட்டும் பளபளவென்று புதிது, மற்றதெல்லாம் கிழடு. மீட்டர் காட்டிய கிலோமீட்டருக்குக் கால்வைக்கும் ரப்பர் அவ்வளவு தேய்ந்திருக்க முடியாது. 'புதிய' டயரின் பக்கத்தில் 0716 என்றிருந்தது. 2016-ஆம் ஆண்டின் ஏழாவது வாரத்தில் செய்த டயர் அது.

அதன் பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. தம்பிக்கு வாங்கிக் கொடுப்பேன் என்றவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. வாடிக்கையாளர் பிரிவில், "உங்கள் புகார் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது, சார்" என்றார்கள். உரிய துறை எது என்று கேட்டால் இசை ஒலிக்கும். அடுத்தவர், "நீங்களே ஓட்டிப் பார்த்துத் திருப்தி என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்றார். அதற்கும் அடுத்தவர், வெல்டிங் நான் வாங்கிய பிறகு வைத்ததாக இருக்கலாம் என்றார்! வாங்கிய வாரத்திலேயே அலுமினியச் சட்டத்தை உடைத்து, ஒட்டி, சாயமும் பூசி, தூசியும் படியவிட்டேனாம். சான்று முத்திரைக்கு என்ன பொருள் என்று எழுதிக் கேட்டேன். 'பார்வைக்குத் தெரியும் பாகங்களுக்கு மட்டுமே பொருந்தும்' என்று பதில் வந்தது. நேற்று, புகார் முடித்துவைக்கப்பட்டதாக ஒரு செய்தி. கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வி. எட்டு மாதச் சம்பளம் போனவனிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள்.

பெரிய பைக் வாங்கும்போது கவனிக்க வேண்டியதை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. அவசரமாகச் சில மட்டும்: எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள், முதல் ஸ்டார்ட்டை நீங்களே கொடுங்கள். வழியை நீங்கள் தீர்மானியுங்கள். நெடுஞ்சாலையில் ஓட்ட விடாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். டயரின் நான்கு இலக்கத்தைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. உறைகளைக் கழற்றிப் பார்க்க உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். கழற்ற மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் வாயால் சொன்னதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

இதே போன்ற பச்சை முத்திரையை நம்பி ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீதுடன் எனக்கு எழுதுங்கள். தனித்தனியாகப் போனால் இசையைத்தான் போடுவார்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்கிறார் வழக்கறிஞர்.