மார்த்தாண்டத்துல ஆயத்தொலை வடிவியலுக்கு மட்டும் 12 நாள் ட்யூசன், சேக்கலாமா?

மார்த்தாண்டத்துல ஒரு மாடியில நடக்குத ட்யூசன் இது. பேரு போடல, கொறையும் சொல்லப் போறேன், என்னத்துக்கு வம்பு. எனக்க மூத்தவன் இந்த வருசம் பத்தாங்கிளாஸ் பப்ளிக், மத்ததெல்லாம் எப்படியாவது கரை ஏறிருவான், கணக்குல அஞ்சாவது இயல், அதான் கிராஃபுல புள்ளி வச்சு பரப்பு, சாய்வு, கோடு கண்டுபுடிக்குத ஆயத்தொலை வடிவியல், அது வந்தா மட்டும் கையும் ஓடாது காலும் ஓடாது. இந்த ஒரு பாடத்துக்குன்னே 12 நாள் பேட்ச் இருக்குன்னு கேள்விப்பட்டு கொண்டு சேத்தோம், ஃபீஸ் 1,200 ரூவா.

முதல் ரெண்டு நாளு ஃபார்முலாவே எழுதல, கிராஃப் நோட்டுல புள்ளி வைக்கது மட்டும்தான். இதுக்கா துட்டு குடுத்தோம்னு வீட்டுல ஒரே சண்டை.

மூணாம் நாளு கூட்டப் போன நான் கொஞ்சம் முன்னாடியே போயிட்டேன், கதவு தொறந்துதான் கெடந்துது. போர்டுல சாரு நாலு மூலை எழுதிருக்காரு, (0,0), (4,0), (4,3), (0,3). நீளம் 4 அகலம் 3, பரப்பு 12, சின்னப் பிள்ளையும் சொல்லும். இவன் நோட்டுல ரெண்டாவது புள்ளியையும் மூணாவதையும் இடம் மாத்தி எழுதி, பரப்பு ஃபார்முலாபடி குறுக்க பெருக்கி கழிச்சுப் பாத்தா வருது பூஜ்யம். "லேய் மக்கா, வயலை எங்க கொண்டு வித்த?"ன்னாரு, கிளாசே சிரிச்சுது. பெறவு அவன் எழுதின வரிசையிலயே கோடு போட்டு சேக்கச் சொன்னாரு, பாத்தா படுத்துக் கெடக்குத உடுக்கை மாதிரி ரெண்டு முக்கோணம், ஒண்ணு பிளஸ்ல வருது மத்தது மைனஸ்ல வருது, அதான் அடிச்சுப் போயி ஒண்ணுமில்லாம ஆகுது. முதல்ல ரஃப்பா படம் போடு, அப்புறம் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்தி வரிசை எடுன்னாரு. அந்த ரெண்டு நாளு புள்ளி வச்சது எதுக்குன்னு எனக்கு அப்பதான் வெளங்கிச்சு.

சாய்வுக்கு, அதான் கோடு எவ்வளவு ஏறுது இறங்குதுங்கதுக்கு, நம்ம மார்த்தாண்டம் மேம்பாலத்தையே புடிச்சுக்கிட்டாரு. எடப்பக்கத்துல இருந்து வலப்பக்கம் பாத்தா ஏறுத இடம் பிளஸ், இறங்குத இடம் மைனஸ், மேல சமமா ஓடுத இடம் பூஜ்யம். தூணுக்கு? எக்ஸ் வித்தியாசம் பூஜ்யம், பூஜ்யத்தால வகுக்க முடியாது, அதனால சாய்வு வரையறுக்க முடியாது. இப்ப பஸ்ஸுல பாலத்துல ஏறும்போதெல்லாம் இவன் பிளஸ்ஸு மைனஸ்ஸுன்னு மொணங்கிட்டு வாறான், எரிச்சலா வருது, ஆனா மறக்க மாட்டான்.

இனி கொறை. இப்படி ஆற அமர நடத்தி நடத்தி கடேசி ரெண்டு நாளுல நேர்கோட்டுச் சமன்பாடு மொத்தத்தையும் திணிச்சுட்டாரு, வெட்டுத்துண்டு வடிவம், பொது வடிவம், இணைகோடு, செங்குத்துக்கோடு எல்லாம் ஒரே ஓட்டம். அஞ்சு மார்க்குக்கு வாற கணக்கு அங்கயும் நெறைய கெடக்கு. அறையில நாப்பது பிள்ளிய, ஒரே ஃபேன், நோட்டு திருத்த ஆளே கெடையாது. 2எக்ஸ் - 3ஒய் + 6 = 0, இதுக்கு சாய்வு 2/3, அப்ப செங்குத்துக்கோட்டுக்கு -3/2 வரணும், ரெண்டையும் பெருக்கினா -1. இவன் மைனஸை விட்டுட்டு 3/2ன்னு ஆறு கணக்கு போட்டு வச்சிருக்கான், அதுக்கும் மேல டிக்கு! அவனே போட்டுக்கிட்ட டிக்கு. ஸ்கூல் நோட்டோட வச்சுப் பாத்து நான்தான் கண்டுபுடிச்சேன்.

இன்னொண்ணு, எட்டு மார்க் கிராஃபும் சேத்துதான்னு நெனச்சு சில பேரு பிள்ளியள சேத்துட்டு கோவப்பட்டாவ. அது இருபடிச் சமன்பாடு, மாறுபாடு பாத்து வரையுத வேற பாடம், இஞ்ச அது கெடையாது. ஒம்பதாங்கிளாஸ்ல உள்ள தொலைவு, நடுப்புள்ளி இதெல்லாம் மறந்த பிள்ளைன்னா வீட்டுல ஒரு தடவ பாத்துட்டு அனுப்புங்க, அதை மறுபடி நடத்த மாட்டாரு.

நோட்டு விசயத்தை சாருகிட்டயே நேரா கேட்டேன். ஞாயித்துக்கெழம கொண்டு வரச் சொன்னாரு, ஒரு மணிக்கூறு கூட இருந்து ஆறு கணக்கையும் அவனையே வெட்டித் திருப்பி போட வச்சாரு, தனியா காசு வாங்கல. நாப்பது பேரும் கொண்டு வந்தா என்ன செய்வாருன்னு தெரியல. அடுத்த வருசம் சின்னவளையும் இஞ்சதான் சேப்பேன், ஆனா அந்த ஞாயித்துக்கெழமய முதல் நாளே பேசி வச்சுக்கிடுவேன்.