டல்லாஸ் பக்கம் பாய்மரப் படகு வைக்க எந்த ஏரி நல்லது?

ரிச்சர்ட்சனில் இருக்கும் நண்பர் ஒருவர் பழைய காட்டலினா 22 (இருபத்திரண்டு அடிப் பாய்மரப் படகு) ஒன்றை வாங்கிவிட்டு, எந்த ஏரியில் வைப்பது என்று போன வாரம் கேட்டார். போனில் அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே அளவுப் படகை மூன்று ஏரிகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு.

ஏரியின் பரப்பளவைப் பார்க்காதீர்கள், முதலில் உங்கள் வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வேலை நாளில் ஐந்தரைக்கு லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்பினால், இருட்டுவதற்குள் இரண்டு மணி நேரமாவது பாய் விரிக்க முடிய வேண்டும். ஜூன் மாதம் இங்கே சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும், அதனால் இது நடக்கக்கூடிய காரியம்தான். என் முதல் படகை நான் டெக்ஸோமாவில் வைத்தேன். அழகான ஏரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 75-ஆம் நெடுஞ்சாலையில் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. அந்த ஒரு வருடத்தில் நான் பாய் விரித்தது ஒன்பதே முறை. பக்கத்து ஏரிக்கு மாற்றியபின் அந்தக் கணக்கு இரண்டே மாதத்தில் தாண்டிவிட்டது.

அடுத்தது நீர்மட்டம். டெக்சாஸில் பெரிய இயற்கை ஏரி என்று சொன்னால் லூசியானா எல்லையில் இருக்கும் காடோ ஏரியைத்தான் சொல்வார்கள். டல்லாஸைச் சுற்றி நாம் பார்ப்பது எல்லாமே அணை கட்டித் தேக்கியவை. அணையை யார், எதற்காகக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் படகின் அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பது. கிரேப்வைன், லூயிஸ்வில், டெக்ஸோமா மூன்றும் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை வெள்ளத் தடுப்புக்கும் சேர்த்துக் கட்டியவை. அதாவது மழை கொட்டினால் தண்ணீரை உள்ளேயே பிடித்துவைப்பது அவற்றின் வேலை, அதற்கென்றே மேலே காலி இடம் விட்டிருக்கிறார்கள். ரே ஹப்பார்ட் டல்லாஸ் மாநகராட்சியின் குடிநீர் ஏரி, வெள்ளத்தைப் பிடித்துவைக்க அங்கே தனி இடம் கிடையாது. நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 435.5 அடியைத் தொட்டதும் மதகைத் திறந்துவிடுவார்கள். படகு வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது 2015-ல்தான் எனக்குப் புரிந்தது.

அப்போது என் படகு கிரேப்வைனில் இருந்தது. அந்த ஏரியின் இயல்பான மட்டம், அதுவும் கடல் மட்டத்திலிருந்து, 535 அடி, கலுங்கு இருப்பது 560 அடியில். இருபத்தைந்து அடி ஏறினால்தான் மறுகால் போகும், அந்த வருடம் மே மாத மழையில் மறுகால் போயே விட்டது. மிதக்கும் துறை என்பதால் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை, தண்ணீரோடு அதுவும் மேலே ஏறிக்கொண்டது. ஆனால் கார் நிறுத்துமிடம், துறைக்குப் போகும் பாதை, படகை இறக்கும் சரிவு எல்லாம் உள்ளே போய்விட்டன. வாரக்கணக்கில் படகுக்குப் போக வழி இல்லை. மேட்டில் நின்று பைனாகுலரில் பார்ப்பேன், மற்ற பாய்மரங்களுக்கு நடுவில் என் பாய்மரத்தின் உச்சியில் இருக்கும் காற்றுக்காட்டி சுற்றுவது தெரியும். அவ்வளவுதான். அந்தக் கோடையின் பாதி அப்படியே போனது.

அதற்காகக் கிரேப்வைனை ஒதுக்கச் சொல்லவில்லை. இர்விங், காப்பெல், சவுத்லேக் பக்கம் வீடு என்றால் இருபது நிமிடத்தில் போய்விடலாம், அது மிகப் பெரிய வசதி. ஏழாயிரம் ஏக்கர் சொச்சம், இருபத்திரண்டு அடிப் படகுக்குத் தாராளம். ஆனால் ஏரி கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது, இங்கே வருடத்தில் பெரும்பாலும் அடிப்பது தென்காற்று. காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு நீளவாக்கில் போய்ப் போய் வரலாம், புதிதாகக் கற்பவருக்கு அது சுலபம். காற்றை எதிர்த்துப் போகப் பார்த்தால்தான் சிக்கல். ஏரியின் குறுக்கு அகலம் குறைவு, நாலைந்து முறை திருப்புவதற்குள் கரை வந்துவிடும். தென்கரையில் மரங்களும் மேடுகளும் இருப்பதால் அந்தப் பக்கம் நெருங்க நெருங்கக் காற்று செத்துப்போகும், திடீரென்று வேறு திசையிலிருந்து ஓங்கி அடிக்கும். இப்படிப்பட்ட காற்றில் ஓட்டிப் பழகினால் கை நன்றாகத் தேறும் என்பதும் உண்மை.

லூயிஸ்வில் பெரியது, ஏறக்குறைய 29,000 ஏக்கர். ஃபிரிஸ்கோ, தி காலனி, லிட்டில் எல்ம் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் வாசல் ஏரி. அணைக்கு வடக்கே இருக்கும் பரந்த தண்ணீரில் தென்காற்று தடையில்லாமல் ஓடும், அங்கே பாய் விரித்தால் மனம் நிறைந்துவிடும். ஆனால் எனக்கு இரண்டு குறைகள். ஒன்று, சனி ஞாயிறு வந்தால் மோட்டார் படகுகளின் கூட்டம். கோடையில் கொண்டாட்டத்துக்கென்றே படகுகள் கூடும் ஒரு வளைவு உண்டு, அந்தப் பக்கம் போகும்போது அலை நாலு பக்கமும் இருந்து வந்து மோதும், காற்று குறைவான நாளில் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு படகு நின்ற இடத்திலேயே ஆடும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இன்னொன்று, தண்ணீருக்கு அடியில் இருப்பவை. 1927-ல் கட்டிய பழைய கார்சா அணை இந்த ஏரிக்குள்ளேதான் இருக்கிறது. 1950-களில் புதிய அணை வந்தபின் பழையதை உடைத்து இரண்டு நீர்ப்பரப்பையும் சேர்த்தார்கள். ஓரங்களில் மரக்கட்டைகளும் உண்டு. வரைபடமும் ஆழமானியும் இல்லாமல் ஏரியின் பழக்கமில்லாத கிளைகளுக்குள் நுழையாதீர்கள். கார்கள் போகும் பாலங்களும் இருக்கின்றன. காட்டலினா 22-இன் பாய்மரம் தண்ணீரிலிருந்து ஏறக்குறைய 29 அடி உயரம், அதை வைத்துக்கொண்டு எந்தப் பாலத்தின் கீழும் போகும் முன் அன்றைய நீர்மட்டத்தைப் பாருங்கள். ஏரி நாலடி ஏறியிருந்தால் பாலத்துக்குக் கீழே நாலடி குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, ரே ஹப்பார்ட். நான் இப்போது இருப்பது இங்கேதான், நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன். ரிச்சர்ட்சன், கார்லண்ட், பிளேனோ பக்கம் வீடு என்றால் அரை மணி நேரம். இருபதாயிரம் ஏக்கருக்கு மேல், அதில் ஐ-30 நெடுஞ்சாலைப் பாலத்துக்குத் தெற்கே அணை வரைக்கும் ஒரே திறந்த வெளி, குறுக்கே பாலம் எதுவும் இல்லை. அணைக்கு அந்தப் பக்கம் தட்டையான நிலம் என்பதால் தென்காற்று இங்கே சீராக வந்து சேரும். சாண்ட்லர்ஸ் லேண்டிங் படகுத்துறை, ரஷ் கிரீக் கிளப் இரண்டும் இந்தத் தெற்குப் பகுதியில்தான். பாய்மரப் படகுக்காரர்கள் கூட்டமாக இருக்கும் இடம் என்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. பாய் கிழிந்தால் தைப்பவர் யார், கீலை (படகின் அடியில் இறங்கும் கனத்த தகடு) தூக்கும் கம்பிவடத்தை எப்போது மாற்ற வேண்டும், யாருடைய படகில் போட்டிக்கு ஆள் குறைகிறது, எல்லாம் துறையில் நடந்துகொண்டே தெரிந்துகொள்ளலாம். மோட்டார் படகுகள் மட்டும் இருக்கும் துறையில் இந்தப் பேச்சுத்துணை கிடைக்காது.

குறை இல்லாமல் இல்லை. ஆழம் குறைந்த ஏரி, காற்று பலத்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கும். குடிநீர் ஏரி என்பதால் வறட்சியில் இறங்கும். 2011-க்குப் பிந்தைய வறட்சி வருடங்களில் பல துறைகளில் கரையோரமாகப் படகு நிறுத்தும் இடங்கள் சேறாகிவிட்டன. போன ஆகஸ்டில்கூட நான் படகைப் பின்னால் எடுக்கும்போது சுக்கானுக்குப் பின்னால் பால் டீ நிறத்தில் ஒரு கோடு கிளம்பியது, அடிமண் கலங்குகிறது. கீலை முழுதாக இறக்கினால் ஐந்தடி தண்ணீர் வேண்டும், மேலே இழுத்துவிட்டால் இருபது அங்குலம் போதும். அந்த வித்தியாசம்தான் காப்பாற்றியது. நிலையான கீல் வைத்த படகு வாங்குகிறவர்கள் கரையோர இடத்தை வாங்காதீர்கள், துறையின் வெளி நுனியில் கேளுங்கள்.

ஈகிள் மவுண்டன் ஏரியைப் பற்றி ஒரு வரி. ஃபோர்ட் வொர்த்தில் வீடு இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். வடக்கு தெற்காக நீண்ட ஏரி, தென்காற்றுக்கென்றே அமைந்தது போல இருக்கும், 1929-ல் தொடங்கிய படகு கிளப்பும் அங்கே இருக்கிறது. டல்லாஸின் கிழக்கில் இருப்பவர்களுக்கு அது ஊர் விட்டு ஊர். நகரத்துக்குள்ளேயே இருக்கும் வொய்ட் ராக் ஏரி சின்னது, ஆழமும் இல்லை, ஒருவர் இருவர் ஓட்டும் டிங்கி எனும் குட்டிப் படகுகளுக்கு மட்டும்தான். ஆனால் பிள்ளைகளுக்குப் பாய் பிடிக்கக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது.

டெக்ஸோமா யாருக்கு என்றால், முப்பது அடிப் படகு, உள்ளேயே படுக்கை, வெள்ளி இரவு போய் ஞாயிறு மாலை திரும்புகிற குடும்பம். ஆழமான தண்ணீர், தீவுகள், நங்கூரம் போட்டுத் தங்க எத்தனையோ வளைவுகள், சுமார் 89,000 ஏக்கர். அதுவும் நான்கு முறை மறுகால் போன ஏரிதான்: 1957, 1990, 2007, 2015. டெக்சாஸில் வரிச்சிப்பி (ஜீப்ரா மஸல்) முதலில் தென்பட்டதும் அங்கேதான், 2009-ல். அது படகின் அடியிலும் மோட்டாரின் குழாயிலும் ஒட்டிக்கொண்டு வளரும். லூயிஸ்வில்லிலும் வந்துவிட்டது. ஏரி மாற்றி ஏரி போகிறவர்கள் படகிலும் மோட்டாரிலும் இருக்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், மாநிலச் சட்டமே அப்படித்தான். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் செய்யுங்கள், ஒரு ஏரியில் அது நுழைந்துவிட்டால் அப்புறம் எடுக்கவே முடியாது.

இடம் பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில. இங்கே பல துறைகளில் பெரும்பாலான இடங்களுக்குக் கூரை போட்டிருப்பார்கள், பாய்மரம் உள்ளே நுழையாது. காலி இடம் இருக்கிறது என்று போனில் சொன்னதை நம்பிக் கிளம்பாமல், கூரை இல்லாத இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். படகை வண்டியோடு கரையில் வைப்பதானால் பாய்மரத்தை நிறுத்தியபடியே வைக்க விடுவார்களா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் பாய்மரத்தை ஏற்றி இறக்கவே முக்கால் மணி நேரம் போய்விடும், மாலை நேரப் படகோட்டம் அங்கேயே முடிந்தது. தண்ணீருக்கு இறக்கும் பாதையில் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். துறை பக்கத்தில் யாரையும் நீந்த விடாதீர்கள். நன்னீரில் மின்கசிவு இருந்தால் உடம்பு வழியாகத்தான் பாயும், வெளியில் ஒன்றுமே தெரியாது.

அப்புறம் வாடைக்காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல வெயிலில் தென்காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே வடக்கே கருநீலமாக ஒரு கோடு தெரியும். கொஞ்ச நேரம் காற்று சுத்தமாக நின்றுவிடும், அடுத்த பத்து நிமிடத்தில் எதிர்த் திசையிலிருந்து குளிரோடு பாய்ந்து வரும். அதனால் துறையைப் பார்க்கும்போது தெற்குப் பக்கம் மட்டும் மறைவாக இருக்கிறதா என்று பார்த்து நிறுத்திவிடாதீர்கள், வடக்குப் பக்கம் அலைத்தடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நண்பர் பார்த்து வைத்திருக்கும் ஹப்பார்ட் இடம் வடக்கே திறந்து கிடக்கிறது. அதே துறையில் இரண்டு வரிசை உள்ளே ஒன்று காலியாகப் போகிறதாம், ஒரு மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.