இசட் டிரைவை நம்பி ஒன்பது நாள் வேலையைத் தொலைத்தோம்: பிரஸ்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிவகாசியில் காலண்டரும் லேபிளும் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். போன வருஷம் ஃபைல் சர்வர் வேலையை ஓர் ஏஜென்சியிடம் கொடுத்து நாங்கள் பட்டதை எழுதுகிறேன். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் அவர்கள் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் விற்கிற அதே சரக்கை வேறு பெயரில் வேறு ஆட்களும் விற்கிறார்கள். அதனால் பெயரைவிட அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

எங்களிடம் 3.6 டிபி ஃபைல்கள், ஒரு பழைய நாஸ் பெட்டியில் (ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பகிரும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) இருந்தன. டிசைனர்களின் கம்ப்யூட்டரில் அது இசட் டிரைவாகத் தெரியும். அதில் ஒரு ஹார்ட் டிஸ்க் போனதும் பயம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஏஜென்சிக்காரர் வந்தார். "அண்ணாச்சி, இனிமே டிஸ்க்கே வாங்க வேண்டாம். எல்லாம் அமேசான் கிளவுடுல இருக்கும். பசங்களுக்கு எப்பவும் போல இசட் டிரைவ்தான், ஒரு வித்தியாசமும் தெரியாது. எத்தனை டிபி போட்டாலும் நிறையாது" என்றார். வருஷத்துக்கு 1,60,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மார்ச்சில் கையெழுத்துப் போட்டோம்.

அவர்கள் செய்தது இதுதான்: ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி, அதில் 240 ஜிபி எஸ்எஸ்டி. ஆர்குளோன் என்ற இலவச மென்பொருளால் அமேசானின் எஸ்3 என்ற கிளவுடு சேமிப்பில் உள்ள பக்கெட்டை (ஃபைல்கள் கிடக்கும் தொட்டி) ஒரு ஃபோல்டர் போல மவுண்ட் செய்து, அதை சாம்பா என்ற ஃபைல் பகிரும் மென்பொருள் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கில் பகிர்ந்துவிட்டார்கள். ஆர்குளோனும் சாம்பாவும் நல்ல மென்பொருள்கள், எஸ்3-யும் நல்ல சேவை. அவற்றின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வேலைக்கு அவற்றைப் பொருத்திய விதம்தான் கோளாறு.

எஸ்3 ஹார்ட் டிஸ்க் இல்லை. அதில் உண்மையில் ஃபோல்டரே கிடையாது. ஃபைலின் பெயரில் வரும் சாய்வுக்கோட்டை வைத்து ஃபோல்டர் போலக் காட்டுகிறார்கள். பெயர் மாற்றினால், புதுப் பெயரில் ஒரு நகல் எடுத்துப் பழையதை அழிக்கிறது. எங்களுக்கு வினையாய் முடிந்தது இன்னொன்று: ஃபைலின் நடுவில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி எழுத முடியாது. 900 எம்பி ஃபோட்டோஷாப் ஃபைலில் ஒரு போன் நம்பரைத் திருத்தி சேவ் கொடுத்தால், 900 எம்பியும் மறுபடி மேலே ஏற வேண்டும்.

எங்கள் இன்டர்நெட் 100 எம்பிபிஎஸ் பிளான். அது இறங்கும் வேகம். ஏறும் வேகம் 20 தான். அதாவது நொடிக்கு 2.5 எம்பி. அந்த ஒரு ஃபைல் தனியாக ஏறவே 6 நிமிஷம். ஐந்து டிசைனர்கள் ஒரே நேரத்தில் சேவ் கொடுத்தால் அரை மணி நேரம் ஆகும். ஆனால் டிசைனர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சேவ் கொடுப்பார். ஏறிக்கொண்டிருக்கும்போதே அதே ஃபைலை மறுபடி சேவ் செய்தால், ஆர்குளோன் அந்த ஏற்றத்தை ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பெரிய ஃபைல்கள் பகல் முழுக்க ஏறிக்கொண்டே இருந்தன. ஏறி முடியவே இல்லை.

அப்படியென்றால் அந்த ஃபைல்கள் இசட் டிரைவில் எப்படித் தெரிந்தன? பெட்டியில் இருந்த எஸ்எஸ்டிதான் கேஷ், அதாவது தற்காலிகக் கிடங்கு. சேவ் கொடுத்ததும் ஃபைல் முதலில் அங்கே உட்காரும். திறந்தால் அங்கிருந்தே வரும். கிளவுடுக்குப் போனதா இல்லையா என்று டிசைனர் கண்ணுக்கு எந்த அடையாளமும் இல்லை. நாங்கள் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்த வேலையெல்லாம், பேக்கப் இல்லாத ஒரே ஒரு எஸ்எஸ்டியில் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. இது பேப்பரும் பட்டாசும் நிறைந்த ஊர். ராத்திரி பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். முதலில் பழைய ஃபைல்களை ஏற்ற 17 நாள் ராப்பகலாகப் பெட்டி ஓடியது. அது முடிந்த அன்று "இனி ராத்திரி அணைக்கலாமா?" என்று நானே கேட்டேன். "தாராளமா அணைங்க அண்ணாச்சி" என்றார்கள். மிச்சமிருந்த வேலை ஏறுவதற்கு இருந்த ஒரே அவகாசம் ராத்திரிதான். அதையும் அவர்கள் சொல்லியே அடைத்துவிட்டோம்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் (மாதிரிப் புத்தகம்) வெளியாகும். அதற்குப் பிறகு ஆர்டர் குவியும். செப்டம்பரில் ஒரு நாள் யார் சேவ் கொடுத்தாலும் இடமில்லை என்று எரர். போன் செய்தோம். ஏஜென்சியின் பையன் ரிமோட்டில் வந்தான். கால் மணி நேரத்தில் "கேஷ் குப்பை நிறைய சேர்ந்திருந்துச்சு சார், கிளியர் பண்ணிட்டேன்" என்றான். எரர் போய்விட்டது. நாங்கள் நன்றி சொன்னோம்.

அவன் அழித்தது குப்பை இல்லை. ஏறாமல் காத்திருந்த ஃபைல்கள். ஏறி முடித்ததைத்தான் ஆர்குளோன் தானாகக் கழித்துவிடும். ஏறாததை, இடம் நிறைந்தாலும், விடாமல் வைத்திருக்கும். எஸ்எஸ்டி நிறைந்ததே, எங்கள் வேலை மேலே போகவில்லை என்பதற்கான அறிகுறி. அதைப் படிக்கத் தெரியாதவனைச் சீசன் நேரத்தில் எங்கள் பெட்டிக்குள் விட்டிருந்தார்கள்.

சில ஃபைல்கள் காணாமல் போயின. அது உடனே தெரிந்துவிட்டது. மற்றவை காணாமல் போகவில்லை. எப்போதோ ஏறியிருந்த பழைய பிரதி அதே பெயரில், அதே இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு நகைக்கடையின் மாதக் காலண்டர். கடைக்காரர் தன் போன் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் தப்பு என்று சொல்லி, எங்கள் டிசைனர் திருத்தி, புரூஃபுக்கு அவர் கையெழுத்தும் போட்டாயிற்று. கேஷை அழித்த மறுநாள் காலை, பிளேட் போடும் தம்பி இசட் டிரைவில் இருந்து அந்த ஃபைலைத்தான் எடுத்தார். பெயர் சரி, டிசைன் சரி. 4,000 பிரதி ஓடி முடிந்து, காலண்டர் தலையில் தகரம் அடிக்கும் இடத்தில் ஒரு அக்கா புரூஃபையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "நம்பர் வேறயா இருக்கே" என்றார். பழைய நம்பர். அத்தனையும் கழிவுக்குப் போனது.

அன்று ராத்திரி சென்னையில் லினக்ஸ் வேலை பார்க்கும் என் மச்சினனை போனில் வைத்துக்கொண்டு, பெட்டியில் நடந்ததை எல்லாம் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைப் படித்தோம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஏற்ற வரிசையில் சேர்த்ததாக ஒரு வரி வரும். ஏறி முடிந்ததும் வெற்றி என்று இன்னொரு வரி வரும். நகைக்கடை ஃபைலுக்கு வரிசை, ரத்து, வரிசை, ரத்து என்று பக்கம் பக்கமாக இருந்தது. திருத்தம் செய்த பிறகு வெற்றி வரி ஒன்றுகூட இல்லை. இப்படி ஒன்பது நாளில் 212 ஃபைல்கள். ஐந்து பேரும் மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடி செய்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து எனக்குப் பேச்சே வரவில்லை.

"ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம், எங்கள் ஃபைல்களைக் கொடுங்கள்" என்றோம். அப்போதுதான் அமேசான் கணக்கு எங்கள் பெயரில் இல்லை, அவர்கள் பெயரில் இருக்கிறது என்று தெரிந்தது. வெளியே எடுக்கும் கட்டணம் 1,15,000 ரூபாய் என்றார்கள். அமேசான் கேட்பதோ, மும்பை டேட்டா சென்டரில் இருந்து இன்டர்நெட்டுக்கு எடுக்க ஜிபிக்கு 0.1093 டாலர், மாதம் முதல் 100 ஜிபி இலவசம். டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டால் எங்கள் 3.6 டிபிக்கு 32,500 ரூபாய் பக்கம்தான் வரும். போதாததற்கு, அமேசானை விட்டு மொத்தமாக வெளியேறுகிறவர்களுக்கு, விண்ணப்பித்தால் இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் வசதி 2024 மார்ச் முதல் இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது கணக்கின் சொந்தக்காரர். நாங்கள் சொந்தக்காரர் இல்லை.

பழைய வருஷங்களின் ஃபோல்டர்கள் ஏன் திறக்கவில்லை என்பதும் அப்போது வெளிவந்தது. அவற்றை எங்களிடம் கேட்காமலேயே கிளேசியர் வகைக்கு (எப்போதாவது எடுக்கும் ஃபைல்களுக்கான எஸ்3 சேமிப்பு) மாற்றியிருந்தார்கள். பட்டியலில் பெயர் தெரியும், திறந்தால் எரர். மீட்கச் சொல்லி வேண்டுகோள் கொடுத்து சாதாரணமாக 3 முதல் 5 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கிளேசியருக்கு வாடகை பல மடங்கு குறைவு. எங்களிடம் வாங்கியதோ முழு வாடகை.

இப்போது பிரஸ்ஸில் புது நாஸ் இருக்கிறது. வேலை எல்லாம் அதில்தான் நடக்கிறது, அதுதான் மூலப்பிரதி. இரவு 8 மணிக்கு மேல் அதே ஆர்குளோன், மவுண்டாக இல்லாமல் வெறும் நகல் எடுக்கும் வேலையாக, அன்று மாறிய ஃபைல்களை மட்டும் எங்கள் சொந்தக் கணக்கில் உள்ள பக்கெட்டுக்கு ஏற்றுகிறது. அந்த அறைக்கு மட்டும் மெயினை அணைப்பதில்லை. பக்கெட்டில் வெர்ஷனிங் போட்டிருக்கிறோம், பழைய பிரதியும் தங்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு ஃபைலைக் கிளவுடில் இருந்து இறக்கித் திறந்து பார்த்த பிறகுதான் டிசைன் அறையைப் பூட்டுகிறோம்.

கிளவுடை நேராக டிரைவாகவே வைத்துக்கொள்ள யாராவது உங்களிடம் வந்தால், டெமோவில் 1 ஜிபி ஃபைல் ஒன்றை சேவ் செய்துவிட்டு, அது பக்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை அமேசான் பக்கத்திலேயே காட்டச் சொல்லுங்கள். எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் லாகின் செய்வது யாருடைய மெயில் முகவரியில் என்றும் பாருங்கள். எங்கள் டெமோவில் ஒரு சின்ன வேர்டு ஃபைலைத்தான் காட்டினார்கள்.

இந்த மாதம் அதே ஆட்கள் சாட்சியாபுரம் பக்கம் ஒரு நோட்டுக் கம்பெனியில் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே இருப்பவர்கள் இதைப் படித்தால், கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். லாக் ஃபைல் முழுசாக என்னிடம் இருக்கிறது. நேரில் வந்தாலும் உட்கார்ந்து காட்டுகிறேன்.